பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் பிள்ளை பேசுமா?



ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு வீடு. அங்கன்வாடி ஆசிரியை சொல்லி அங்கே போயிருந்தேன். நாலு வயதுப் பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேச்சு வரவில்லை. ஒரு பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது ஆடி ஆடி விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். விழுந்ததும் மறுபடி சுழற்றினான். அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டது இதுதான்: "பாலை நிறுத்தி நாலு மாசம் ஆச்சுங்க மேடம். கோதுமையும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது. இன்னும் என்னை அம்மான்னு கூப்பிடலை. இனிமே எதை நிறுத்தணும், சொல்லுங்க."

செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டு ஆரம்பித்த பத்தியம் அது. கூடவே ஒரு மாவுப் பொடி, மாதம் ஆறாயிரம் ரூபாய். தகப்பனார் கம்பெனி வேலைக்குப் போகிறவர். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையனின் எடை 14 கிலோவிலிருந்து 12½ கிலோவுக்கு இறங்கியிருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. இதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்கிறேன். ஆகவேதான் இந்தப் பிரசுரம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் தொற்று வியாதி அல்ல. பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி விவரமாக எழுதினார். அதன் பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் 127 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் உள்ளவர்கள் இருந்தார்கள். ஆகவே இது அபூர்வமான ஒன்றல்ல. ஏழை வீட்டிலும் உண்டு, பணக்கார வீட்டிலும் உண்டு.

ஒரு வயதாகியும் மழலை பேசாத பிள்ளை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வராத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து திடீரென்று பேச்சை விட்டுவிட்ட பிள்ளை - இவர்களை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டாம்.

இது ஏன் வருகிறது? பெரும் பங்கு மரபணுக்களைச் சேர்ந்தது. தாய் வேலைக்குப் போனதால் வருவதில்லை. கிரகணத்தைப் பார்த்ததால் வருவதில்லை. தடுப்பூசியால் வருவதில்லை. பாக்கெட் பால் கொடுத்ததாலும் வருவதில்லை. ஆகவே மாமியார் மருமகளைக் குற்றம் சொல்ல வேண்டாம். மருமகளும் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பத்தியம் என்ன?

பத்தியம் நமக்குப் புதிதல்ல. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், மருந்து தின்றால் பத்தியம் என்று பழகியவர்கள் நாம். ஆகவே, "இதை நிறுத்தினால் பிள்ளை சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம் மனம் சீக்கிரம் நம்பிவிடுகிறது.

ஆட்டிசத்துக்கென்று சொல்லப்படும் பத்தியத்தில் முக்கியமாக இரண்டு பொருள்களை நிறுத்தச் சொல்கிறார்கள்.

முதலாவது குளூட்டன். பரோட்டா மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறது அல்லவா? அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்ற புரதம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் இவற்றில் இருக்கிறது. பார்லி சேர்ந்த மால்ட் பானங்களிலும் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கூட மைதாவோ கோதுமை மாவோ கலப்பது வழக்கம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு வகைகளில் குளூட்டன் கிடையாது.

இரண்டாவது கேசின். கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்து வெள்ளைக் கட்டியாகச் சேருகிறதே, அதில் பெரும்பகுதி கேசின். பால், தயிர், மோர், பால்கோவா, பால் சேர்த்த பிஸ்கட் எல்லாவற்றிலும் உண்டு.

இந்த இரண்டோடு நிற்பதில்லை. சிலர் சர்க்கரையை நிறுத்து என்கிறார்கள், சிலர் முட்டையை, சிலர் வேர்க்கடலையை. பட்டியல் நீண்டுகொண்டே போகும். "இன்னும் எதை நிறுத்தணும்" என்று அந்தத் தாய் கேட்டது இதனால்தான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

முழுக்க முழுக்கக் கட்டுக்கதையிலிருந்து வந்ததல்ல. உணவை மாற்றினால் மூளை காப்பாற்றப்படும் என்பதற்கு மருத்துவத்தில் ஓர் உண்மையான உதாரணம் இருக்கிறது.

நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. பிள்ளைகளிடமிருந்து ஒரு வினோதமான வாடை வருவதைக் கவனித்த அந்தத் தாய், பல டாக்டர்களிடம் ஏறி இறங்கினார். 1934இல் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து ஒரு பிறவிக் குறையைக் கண்டுபிடித்தார். பினைல்கீட்டோனூரியா என்று அதற்குப் பெயர். உணவுப் புரதத்தில் உள்ள ஒரு பகுதியை உடம்பால் செலவழிக்க முடியாமல், அது சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. 1950களில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் இதற்கெனத் தனி உணவு தயாரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. இப்போது பிறந்த சில நாட்களிலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து அந்த உணவைக் கொடுத்தால், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர முடிகிறது.

இத்தகைய பிறவிக் குறைகள் நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். நீங்கள் மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டியவர்களானால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவசியமானால் அவர் சோதனை எழுதிக் கொடுப்பார்.

ஆனால் ஆட்டிசம் வேறு, அந்தக் குறை வேறு. ஆட்டிசத்தில் பாலும் கோதுமையும் மூளையைக் கெடுக்கின்றன என்பது ஓர் ஊகமாகத்தான் பிறந்தது. 1979இல் பாங்க்செப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆட்டிசத்துக்கும் அபின் போன்ற பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். பிறகு நார்வேயில் ரைக்கெல்ட் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், பாலும் கோதுமையும் சரியாகச் செரிக்காமல் அபின் போன்ற துண்டுகளாகி மூளைக்குப் போகின்றன என்றும், அவை சிறுநீரில் தெரிகின்றன என்றும் சொன்னார்கள்.

ஊகம் தவறல்ல. ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதித்தும் பார்த்தார்கள்.

சோதனையில் தெரிந்தது என்ன?

2002இல் நார்வேயில் 20 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பத்துப் பேருக்கு ஒரு வருடம் பத்தியம், பத்துப் பேருக்குச் சாதாரண உணவு. பத்தியம் இருந்த பிள்ளைகள் தேறியதாகத் தெரிந்தது. ஆனால் எந்தப் பிள்ளை பத்தியத்தில் இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் முன்னேற்றமாகத் தெரியும் அல்லவா?

அதனால் அடுத்த சோதனைகளில் யாருக்கும் தெரியாதபடி செய்தார்கள். 2006இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 15 பிள்ளைகள். பன்னிரண்டு வாரத்தில் ஒரு பாதி பத்திய உணவு, மறு பாதி சாதாரண உணவு. எது எப்போது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பார்வையிடுகிறவருக்கும் தெரியாது. கணக்குப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் பெற்றோர் சிலர், "எங்க பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்சுது" என்றே சொன்னார்கள்.

பிறகு நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 சிறு பிள்ளைகளைக் கண்டிப்பான பத்தியத்தில் வைத்தார்கள். பத்தியம் நடக்கும்போதே வாரந்தோறும் ஒரு தின்பண்டம். ஒருமுறை அதில் கோதுமை, ஒருமுறை பால், ஒருமுறை இரண்டும், ஒருமுறை ஒன்றுமில்லை. எதில் எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது. பிள்ளைகளின் தூக்கம், மலம் கழிப்பது, துறுதுறுப்பு, ஆட்டிசக் குணங்கள் எதிலும் மாற்றம் தெரியவில்லை. சிறுநீரில் அபின் துண்டு இருக்கிறது என்ற பேச்சையும் 2008இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஆட்டிசம் உள்ள 65 பையன்களிடம் சோதித்தார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை.

இவை சின்னச் சின்னச் சோதனைகள்தான். ஆனால் கவனமாகச் செய்யச் செய்ய, பலன் காணாமல் போயிற்று. ஆகவே 2013இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு, ஆட்டிசத்தை மாற்றுவதற்காக இந்தப் பத்தியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகவே எழுதியது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பலன் தெரிந்ததே?"

தெரிந்திருக்கலாம். அந்தத் தாய் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

ஒன்று, பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வருடத்துக்கு வருடம் கற்றுக்கொள்கிறது. பத்தியம் இல்லாவிட்டாலும் அந்த ஆறு மாதத்தில் ஏதோ ஒன்று முன்னேறியிருக்கும்.

இரண்டு, பத்தியம் தொடங்குகிற வீட்டில் அதோடு வேறு பலவும் தொடங்குகின்றன. செல்போன் நிற்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். பேச்சுப் பயிற்சிக்கும் போகிறார்கள். பலன் எதனால் என்று எப்படிச் சொல்வது?

மூன்று, சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்று உபாதை தீர்ந்தால் பிள்ளை அழாது, நன்றாகத் தூங்கும், சொன்னதைக் கேட்கும். அது வயிறு சரியானதால் வந்த நன்மை. ஆட்டிசம் மாறியதால் அல்ல.

நிறுத்திப் பார்த்தால் என்ன நஷ்டம்?

"சும்மா நிறுத்திப் பார்ப்போமே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரமே.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே உண்பார்கள். நிறம் மாறினால் வேண்டாம், கொழகொழவென்று இருந்தால் வேண்டாம், வேறு தட்டில் வைத்தால் வேண்டாம். இது பிடிவாதம் அல்ல. வாசனையும் வழவழப்பும் அவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும்.

பருத்திப்பட்டுப் பையன் சாப்பிட்டது ஐந்தே பொருள்: பால், பிஸ்கட், தயிர்ச் சோறு, அப்பளம், வாழைப்பழம். பத்தியம் அதில் மூன்றை எடுத்துவிட்டது. மிஞ்சியது அப்பளமும் வாழைப்பழமும். எடை குறையாமல் என்ன செய்யும்?

நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. இரண்டு டம்ளர் பாலில், அதாவது 400 மில்லியில், ஏறக்குறைய 480 மில்லிகிராம் கிடைத்துவிடும். அதை நிறுத்தினால் ஈடு எங்கே? அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 75 பையன்களின் கை எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பின் கனம் வயதுக்குத் தகுந்தபடி இல்லை. பாலை நிறுத்தியிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் குறை இன்னும் கூடுதலாக இருந்தது.

நம் ஊருக்கே உரிய நஷ்டமும் உண்டு. அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் சத்துமாவில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. பத்தியம் என்றால் அது போயிற்று. 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா, கிச்சடி வகைகள் உண்டு. பத்தியம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இந்தப் பிள்ளை மட்டும் ஒதுங்கி உட்கார வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்திருக்கப் பழக வேண்டிய பிள்ளையை நாமே பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிறோம்.

இன்னொரு நஷ்டம், காலம். சிறு வயதில் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தைப் பத்தியத்துக்கும் பொடிக்கும் கொடுத்துவிட்டு, பயிற்சிக்குப் போகாமல் இருந்தால், போன காலம் திரும்பி வராது. ஆறாயிரம் ரூபாயைச் சம்பாதித்துவிடலாம்.

எப்போது நிறுத்தத்தான் வேண்டும்?

டாக்டர் சொல்லி நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு.

சீலியாக் என்ற நோயில் கோதுமை குடலைப் புண்ணாக்கும். தீராத வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், இரத்தசோகை, வளர்ச்சி நிற்றல் இவை அடையாளம். வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் உண்டு. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. இதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. முக்கியமாக ஒன்று: சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று சோதனை காட்டிவிடும்.

பால் குடித்தவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் அது பால் ஒவ்வாமை. உடனே டாக்டரைப் பாருங்கள். பால் குடித்தால் வயிறு பொருமல், தண்ணீராகப் போதல் என்று மட்டும் இருந்தால், பாலில் உள்ள சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரக்கூடியவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு "வயிறு வலிக்குது" என்று சொல்லத் தெரியாது. தலையை மோதிக்கொள்வதும், வயிற்றை மேசை முனையில் அழுத்துவதும், காரணமில்லாமல் அலறுவதும் வலியாக இருக்கலாம். "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் "ஒரு தடவை செய்து பார்த்துவிடுகிறோம்" என்பவர்கள், டாக்டரையும் உணவியல் நிபுணரையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் நிறுத்தாமல் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். எத்தனை வாரம் என்று முன்பே நாள் குறியுங்கள். எடையை எழுதி வையுங்கள். அந்த நாட்களில் பயிற்சியிலோ மருந்திலோ வேறு மாற்றம் செய்யாதீர்கள். நாள் முடிந்ததும் பழையபடி கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஐந்தை ஆறாக்குவது எப்படி?

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: "இனி எதையும் நிறுத்த வேண்டாம்மா. நிறுத்தினதைத் திரும்பக் கொடுப்போம். ஐந்தை ஆறாக்குவோம்."

1. சாப்பாட்டுக்கு ஒரே இடம், ஒரே தட்டு, ஒரே நேரம். நடுநடுவே பிஸ்கட்டும் பாலும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பசி எடுக்காது. டி.வி.யும் செல்போனும் வேண்டாம். வீட்டார் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

2. பிடித்த உணவுக்குப் பக்கத்தில் புது உணவை மிளகளவு வையுங்கள். முதலில் பார்த்தால் போதும். பிறகு தொட்டால் போதும், முகர்ந்தால் போதும். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் நாக்கில் வைக்கும். இரண்டு தடவை தள்ளிவிட்டது என்று கைவிடாதீர்கள்.

3. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். மொறுமொறுப்பு பிடிக்கிற பிள்ளைக்கு அப்பளத்திலிருந்து முறுகல் தோசைக்குப் போகலாம். தோசை பழகியபின் மாவில் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு. அதுவும் பழகியபின் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை. தயிர்ச் சோறு பிடிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு ஸ்பூன் மசித்த பருப்பு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி, கீரை இவையும் நல்லவை.

4. திணிக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். புரையேறும். அதோடு அந்த உணவின் மேல் பயமும் ஏறிவிடும்.

5. மலச்சிக்கல் இருந்தால் பசி எடுக்காது. தண்ணீர், கொய்யா, வாழைப்பழம், கீரை கொடுங்கள். சாப்பிட்டவுடன் தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறையில் உட்கார வையுங்கள். தீரவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடையும் உயரமும் பாருங்கள். ஈறில் இரத்தம், காலை ஊன்ற மறுப்பது, வெளிறிப் போவது இவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். அவை சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம்.

அப்படியானால் எதனால் பலன் உண்டு?

பயிற்சியால் உண்டு. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யும் பயிற்சி, சிறப்புக் கல்வி. எல்லாவற்றுக்கும் மேல், தாய் தகப்பன் பிள்ளையோடு பழகும் விதம். 2016இல் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. பெரிய நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றி இரண்டு சொல் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்பது போன்ற பாடங்கள். ஆட்டிசம் மறைந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைகள் தாமாக வந்து பெற்றோரிடம் எதையாவது தெரிவிக்க முற்படுவது கூடியது. இதற்கு மாதம் ஆறாயிரம் ரூபாய்ப் பொடி எதுவும் தேவைப்படவில்லை.

எங்கே போவது?

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். அவர்கள் பார்த்து மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 2005இல் தொடங்கிய மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும் இருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை கேட்க 104.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் உதவி உண்டு.

கணவருக்கு ஒரு வார்த்தை

பத்தியச் சமையல் செய்வதும், மறுக்கிற பிள்ளையோடு போராடுவதும், ஊராரின் பேச்சைக் கேட்பதும் பெரும்பாலும் உங்கள் மனைவிதான். மருத்துவமனைக்கு ஒரு நாளாவது நீங்களும் கூடப் போங்கள். ஒரு வேளைச் சோறாவது நீங்கள் ஊட்டுங்கள். பொடிக்குப் பணம் கொடுப்பது மட்டும் தகப்பன் கடமை ஆகாது.

பருத்திப்பட்டு வீட்டில் பாலும் தயிரும் திரும்ப வந்தன. பொடி நின்றது. அந்தப் பணத்தில் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். எட்டு மாதம் கழித்து நான் பார்த்தபோது பையன் 14½ கிலோ இருந்தான். கேழ்வரகு தோசையை முறுகலாகச் சுட்டால் தின்கிறான். அன்று தகப்பனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுக்களை அலமாரியைச் சுட்டிக் காட்டினான். அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால், "என்கிட்டே எதையோ கேட்கிறான் மேடம்" என்று அந்தத் தாய் சொன்னபோது அவள் முகத்தில் பழைய கலக்கம் இல்லை.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

பத்தியத்தால் ஆட்டிசம் மாறாது.
பரிசோதிக்காமல் பாலையோ கோதுமையையோ நிறுத்தாதீர்கள்.
எதை நிறுத்துவது என்று கேட்காதீர்கள். எதைச் சேர்ப்பது என்று கேளுங்கள்.
பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.